பரப்பு போதும், அகலம்தான் போதாது

கேள்வி: பள்ளிச் சமையலறை, கை கழுவும் இடம் இரண்டிலிருந்தும் நாளுக்கு 2,000 லிட்டர் கழிவுநீர் வருகிறது. அதைச் சுத்திகரிக்க 17 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலத்தில் ஜல்லிப் படுகை அமைத்துக் கல்வாழை நட்டோம். நீர் ஆழம் அரை மீட்டர். எட்டு மாதத்தில் நீர் நுழையும் பக்கம் மேலே தேங்கி நாறுகிறது, கொசுவும் வருகிறது. செடியை மாற்றலாமா?

பதில்: செடியின் மேல் பழி இல்லை. அழுக்கைத் தின்பது பெரும்பாலும் ஜல்லியிலும் வேரிலும் படிந்திருக்கும் நுண்ணுயிர்கள்தான். செடி உறிஞ்சுவது சிறு பங்கே.

முதலில் படுகையின் தலை, நடு, கடை மூன்றிலும் குழி தோண்டி நீர்மட்டம் பாருங்கள். மூன்றும் ஒரே உயரம் என்றால் வெளியேறும் குழாய் அடைத்திருக்கும், அல்லது அதன் எல்போ (வளைவுத் துண்டு) உயரமாகத் திரும்பியிருக்கும். தலைப்பக்கம் மட்டும் உயர்ந்திருந்தால் ஜல்லி இடுக்குகள் அடைந்துவிட்டன. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இரண்டாவதுதான்.

34 சதுர மீட்டர் பரப்பு சரியான கணக்கு. ஜல்லியில் இடுக்கு 35 சதவீதம் என்றால் சுமார் 6,000 லிட்டர் கொள்ளும். நீர் மூன்று நாள் தங்கும். வெப்பநாட்டுக்கு அது போதும். பிழை வடிவத்தில் இருக்கிறது. கசடு படிந்து தெளிந்த நீரில் லிட்டருக்கு 250 மில்லிகிராம் பி.ஓ.டி. (அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) என்று வைத்தாலும் நாளுக்கு 500 கிராம். நுழைவாயின் குறுக்குப்பரப்பில், அதாவது அகலத்தை நீர் ஆழத்தால் பெருக்கினால் வரும் பரப்பில், சதுர மீட்டருக்கு நாளுக்கு 250 கிராமுக்கு மேல் ஏற்றக் கூடாது. உங்களுக்கு இருப்பதோ 1 சதுர மீட்டர். 4 மீட்டர் அகலம், எட்டரை மீட்டர் நீளம் என்று கட்டியிருந்தால் அதே இடத்தில் சுமை பாதியாகியிருக்கும்.

இடித்துக் கட்ட வேண்டாம். வரும் நீரில் பாதியைத் தலையிலும், மீதியைச் சுமார் 5 மீட்டர் தள்ளி இன்னொரு துளைக்குழாய் வழியாகவும் விடுங்கள். தலைப்பக்கத்து இரண்டு மீட்டர் ஜல்லியை அள்ளிக் கழுவி, முதல் அரை மீட்டரில் 40 முதல் 80 மி.மீ. கல்லும், அதற்கப்பால் 8 முதல் 16 மி.மீ. ஜல்லியும் நிரப்புங்கள். கிரஷர் தூசி ஒட்டிய ஜல்லியை அப்படியே கொட்டினால் மறுபடி அடைக்கும்.

ஆனால் எண்ணெயைத் தடுக்காவிட்டால் இத்தனையும் வீண். சமையலறைக் குழாயில் மட்டும் 300 லிட்டரில் இரண்டு அறைத் தொட்டி வையுங்கள். வெளியேறும் குழாயின் வாய் நீருக்குள் அமிழ்ந்திருக்கட்டும். சூடான நீரில் எண்ணெய் பிரியாது, ஆறிய பிறகே ஊற்றச் சொல்லுங்கள். மிதக்கும் எண்ணெய் ஆடையை வாரம் ஒருமுறை அள்ள வேண்டும். பல இடங்களில் படுகை கெடுவது இந்த ஒரு வேலையை விட்டுவிடுவதால்தான். அதையடுத்து, ஒரு நாள் நீர் தங்கும்படி 2,000 லிட்டர் தெளிவுத் தொட்டி.

நீர்மட்டம் எப்போதும் ஜல்லியின் மேற்பரப்புக்கு 5 முதல் 10 செ.மீ. கீழே நிற்கட்டும், கொசு முட்டையிட வழியிருக்காது. விடுமுறையில் வெளியேறும் குழாயை மூடி, படுகை காயாதபடி நீர் விட்டு வையுங்கள்.

மாணவர்கள் படிக்கவும் வேண்டுமென்றால் தலை, நடு, கடையில் துளையிட்ட 4 அங்குலக் குழாயை நிறுத்தி, மூடியும் போடுங்கள். மாதிரி எடுத்துக் கலங்கலையும் கரைந்த ஆக்சிஜனையும் ஒப்பிடலாம், கையுறையோடு. சுத்திகரித்த நீர் மரங்களுக்கு ஆகும். பச்சையாகத் தின்னும் கீரைக்கு வேண்டாம்.