புளிப்பு வாடை வீசும் படச்சுருள்கள்

கேள்வி: என் தந்தையார் எட்டு மில்லிமீட்டர் கேமராவில் எடுத்த பன்னிரண்டு படச்சுருள்கள் ஒரு தகரப் பெட்டியில் கிடைத்தன. நான்கைந்து சுருள்களில் வினிகர் போன்ற புளிப்பு வாடை அடிக்கிறது. அவருடைய புரொஜெக்டர் இன்னும் ஓடுகிறது. அதில் ஓட்டி, திரையில் விழும் படத்தைக் கைபேசியில் பதிவு செய்துகொண்டால் போதுமா?

பதில்: வாடை அடிக்கும் சுருள்களை எக்காரணம் கொண்டும் புரொஜெக்டரில் மாட்டாதீர்கள். படத்தைத் தாங்கி நிற்கும் அசிட்டேட் என்ற பிளாஸ்டிக் அடித்தளம் சிதையும்போது வெளியேறும் அசிட்டிக் அமிலத்தின் வாடையே அது. அந்த அமிலம் சிதைவை மேலும் விரைவுபடுத்துவதோடு, அருகிலுள்ள நல்ல சுருள்களையும் பாதிக்கும். சிதையும் சுருள் நீளவாக்கில் சுருங்குவதால் ஓரத்திலுள்ள துளைகளுக்கு இடையிலான தூரம் குறைந்து, புரொஜெக்டரின் பற்கள் சரியாகப் பொருந்தாமல் ஓரத்தைக் கிழித்துவிடும். நூற்றில் ஒரு பங்கு சுருக்கமே இதற்குப் போதும். ஆகவே அவற்றை இன்றே பிரித்தெடுத்து, வெப்பமும் ஈரமும் இல்லாத, காற்றோட்டமுள்ள வேறிடத்தில் வையுங்கள். முதலில் டிஜிட்டலாக்க வேண்டியவையும் அவைதாம். அழுக்காக இருக்கிறதே என்று ஈரத்துணியால் துடைக்கவும் வேண்டாம்; படம் பதிந்துள்ள ஜெலட்டின் படலம் நீரில் ஊறிக் கெட்டுவிடும்.

நல்ல சுருள்களுக்கும் கைபேசிப் பதிவை நான் பரிந்துரைக்க மாட்டேன். புரொஜெக்டரில் ஒளியை விட்டுவிட்டு மறைக்கும் ஷட்டரும் கைபேசியின் பதிவு வேகமும் ஒத்துப்போகாமல் படம் மினுமினுக்கும். வெயிலில் நிற்பவர்களின் முகம் வெளுத்துப்போகும். ஒவ்வொரு ஃபிரேமையும் தனிப்படமாகப் பிடிக்கும் ஸ்கேனர், அதிலும் பற்களால் இழுக்காமல் உருளைகளால் மெல்ல நகர்த்தும் ஸ்கேனர் உள்ள கூடத்தைத் தேடுங்கள். சுருங்கிய சுருளையும் அதில் பெரும்பாலும் காப்பாற்றிவிட முடியும்.

கொடுப்பதற்கு முன் துளைகளைப் பாருங்கள். கோடாக் நிறுவனம் 1932இல் வெளியிட்ட 8 மி.மீ. சுருளும், 1965இல் வெளியிட்ட சூப்பர் 8 சுருளும் ஒரே அகலமுள்ளவை. பழையதில் துளை பெரிதாக, இரண்டு ஃபிரேம்கள் சந்திக்கும் இடத்தில் இருக்கும். சூப்பர் 8இல் சிறிதாக, ஃபிரேமின் நடுப்பகுதிக்கு நேராக இருக்கும். எந்த வகை என்று தெரிந்தால்தான் வேகமும் சரியாக அமையும். பழைய வகை பெரும்பாலும் நொடிக்கு 16 ஃபிரேம், சூப்பர் 8 பெரும்பாலும் 18. ஐம்பது அடி சூப்பர் 8 சுருளில் 3,600 ஃபிரேம்கள், அதாவது 3 நிமிடம் 20 நொடி. அதையே நொடிக்கு 25 என்று ஓட்டினால் 2 நிமிடம் 24 நொடியில் முடிந்து, உங்கள் தந்தையார் ஓட்டமும் நடையுமாகத் தெரிவார். ஓரத்தில் பழுப்பு நிறப் பட்டை தெரிந்தால் அதில் ஒலி பதிவாகியிருக்கக்கூடும்; அதையும் எடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டுப் படங்கள் முழுவதும் சிவந்துவிட்டன. மென்பொருளால் பழைய நிறத்தைக் கொண்டுவர முடியுமா? முகங்களைக் கூர்மையாக்கித் தருவதாகவும் சொல்கிறார்கள்.

பதில்: நிறத்தை ஓரளவு மீட்கலாம். பல வண்ணச் சுருள்களில் நீலப்பச்சைச் சாயம் முதலில் மங்கிவிடுவதால் சிவப்புச் சாயல் மேலோங்குகிறது. இருட்டில் வைத்திருந்த கோடாக்ரோம் என்ற கோடாக் வண்ணச் சுருள் மட்டும் பெரும்பாலும் நிறம் குன்றாமல் இருக்கும். எஞ்சியிருக்கும் சாயத்தைக் கொண்டு நிறத்தைச் சமன்செய்யலாம். முற்றிலும் அழிந்துவிட்டதை ஊகித்துத்தான் பூச முடியும்.

முகத்தைக் கூர்மையாக்குவதில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். எட்டு மில்லிமீட்டர் ஃபிரேமில் தூரத்தில் நிற்பவரின் முகம் சில புள்ளிகளே. செயற்கை நுண்ணறிவு அவற்றிலிருந்து தெளிவான முகம் ஒன்றை வரைந்து தரும். அது உங்கள் பாட்டியின் முகமாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. எனவே திருத்தம் ஏதும் செய்யாத ஸ்கேனை, அதிகம் சுருக்காத கோப்பாகக் கேட்டு வாங்கி, இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் வெவ்வேறு இடங்களில் வையுங்கள். திருத்தங்களை எல்லாம் அதன் நகலில் செய்யுங்கள். உறவினர்க்கு அனுப்ப எம்பி4 கோப்பு போதும்.

கேள்வி: டிஜிட்டலாக்கிய பிறகு சுருள்களை எறிந்துவிடலாமா?

பதில்: கூடாது. ஹார்ட் டிஸ்க் ஒரே நாளில் பழுதாகலாம். குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைத்த நல்ல சுருள் பல பத்தாண்டுகள் தாங்கும், நாளை இதைவிட நல்ல ஸ்கேனர் வந்தால் மீண்டும் எடுக்கவும் அதுதான் வேண்டும்.