தி டிபீஸ் என்ற அமெரிக்க ராக் குழுவின் 'ஸ்டாண்ட்ஸ் ஃபார் டெசிபல்ஸ்' (1981) ஆல்பம் இவ்வளவு இனிமையாக இருந்தும் ஏன் வெளியே தெரியாமல் போனது?

முதல் காரணம் பாட்டில் இல்லை, விநியோகத்தில். வட கரோலினாவிலிருந்து நியூயார்க் வந்த இந்த நால்வருக்கும் சொந்த நாட்டில் ஆல்பத்தை வெளியிட நிறுவனம் கிடைக்கவில்லை. லண்டனின் ஆல்பியன் என்ற இசை நிறுவனம் வெளியிட்டது. அதனால் அமெரிக்கர்களே தங்கள் ஊர்க் குழுவை இறக்குமதி இசைத்தட்டாக வாங்க வேண்டியிருந்தது! அப்புறம் வானொலியில் எப்படி ஒலிக்கும்?

கேட்க ஆரம்பிப்பவர்கள் முதல் பாடலான 'பிளாக் அண்ட் ஒயிட்'டைக் கேளுங்கள். குழுவின் பீட்டர் ஹோல்சாப்பிள் எழுதியது. கிட்டார் துள்ளும், மெட்டு உடனே ஒட்டிக்கொள்ளும். குழுவின் இன்னொரு பாடலாசிரியரான கிறிஸ் ஸ்டேமியின் பாடல்கள் கோணல்மாணலானவை, பிடிபடக் கொஞ்சம் நேரமெடுக்கும். எனக்கு இப்போது அவைதான் அதிகம் பிடிக்கின்றன. ஹோல்சாப்பிள் பின்னாளில் புகழ்பெற்ற ராக் குழுவான ஆர்.ஈ.எம்.மின் மேடைகளிலும் வாசித்தார், பலர் அந்த வழியாகத்தான் பின்னோக்கி வந்து இந்த ஆல்பத்தைப் பிடிக்கிறார்கள்.