பனி மெத்துனுதானே இருக்கும், ஹெல்மெட் எதுக்கு?

கேள்வி: சார், லீவுக்கு முதல் தடவையா குடும்பத்தோட ஸ்கீயிங் போறோம். பசங்க ரெண்டு பேருக்கும் ஹெல்மெட் வாங்கியாச்சு. "நமக்கு எதுக்கு, நாம என்ன ரேஸா விடப்போறோம், பிகினர் ஸ்லோப்ல மெதுவா போய்ட்டு வரப்போறோம், விழுந்தாலும் பனி மெத்துனுதானே இருக்கும்"னு வீட்டுக்காரர் ஒரே பிடிவாதம். விடாம கேட்டா "கார் ரேஸ் வீரர் ஷூமேக்கர் ஹெல்மெட் போட்டுக்கிட்டுதான ஸ்கீயிங் போனாரு, என்னாச்சு?"னு சொல்லி என் வாயை அடைச்சுடறாரு. நீங்களே ஒரு பதில் சொல்லுங்க.

பதில்: முதல்ல அந்த மெத்து விஷயத்தை முடிச்சுடுவோம். அப்பதான் கொட்டுன பனி மெத்துனுதான் இருக்கும், இல்லங்கல. ஆனா ஸ்லோப்ல அதை அப்படியே விட மாட்டாங்க, ராத்திரியோட ராத்திரியா மெஷினை ஓட்டி அமுக்கி சமப்படுத்திடுவாங்க, அது பகல் வெயில்ல லேசா இளகி, ராத்திரி மறுபடி உறைஞ்சு, காலைல முதல் லிஃப்ட்ல நீங்க மேல போய் இறங்குறப்போ சில இடத்துல சிமென்ட் தரை மாதிரி கிடக்கும்.

நான் முதல் நாள் விழுந்தது சறுக்கும்போதுகூட இல்லீங்க. லிஃப்டுக்கு லைன்ல நின்னுட்டு இருந்தேன், முன்னாடி நின்னவர் ஒரு அடி நகர்ந்தாரேன்னு நானும் நகர, கால்ல மாட்டியிருந்த ரெண்டு ஸ்கீ பலகையும் என்னை விட்டுட்டு முன்னாடி ஓடிச்சு, நான் மல்லாக்க விழுந்தேன், பின்மண்டை தரையில 'டொக்'னு பட்ட சத்தம் எனக்கே கேட்டுச்சு. எழுந்து பனியைத் தட்டிவிட்டுட்டு பக்கத்துல இருந்தவங்களைப் பார்த்து அசட்டுச் சிரிப்பு வேற. சாயங்காலம் ரூம்ல ஹெல்மெட்டுக்குள்ள இருக்கற துணி பேடை உரிச்சுப் பார்த்தா, அடியில இருக்கற தெர்மாகோல்ல முடி மாதிரி ஒரு விரிசல். தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சும்பாங்களே, அதேதான்.

இப்ப ஷூமேக்கர் கதைக்கு வருவோம். 2013 டிசம்பர் 29, பிரான்ஸ்ல மெரிபெல். அவர் போனது ரெண்டு ஸ்லோப்புக்கு நடுவுல, சமப்படுத்தாத பனியில, அடியில மறைஞ்சிருந்த பாறையில ஸ்கீ இடிச்சு, தூக்கி எறியப்பட்டு, தலை இன்னொரு பாறையில மோதிச்சு. ஹெல்மெட் பிளந்துடுச்சு. ஆனா கிரெனோபிள் ஆஸ்பத்திரியில அவரைப் பார்த்த டாக்டருங்க, ஹெல்மெட் இல்லாம இப்படி ஒரு அடி பட்டிருந்தா ஆஸ்பத்திரி வரைக்கும்கூட வந்து சேர்ந்திருக்க மாட்டார்னுதான் சொன்னாங்க. உங்க வீட்டுக்காரர் கதையில பாதியை முழுங்கிட்டாரு.

அவர்கிட்ட நீங்க இன்னொரு கதை சொல்லுங்க. நடிகை நடாஷா ரிச்சர்ட்சன், 45 வயசு, 2009 மார்ச்ல கனடாவுல மான்ட் ட்ரெம்ப்ளான்ட்ங்கற இடத்துல ஸ்கீயிங் கத்துக்கிட்டு இருந்தாங்க. பிகினர் ஸ்லோப்தான், பக்கத்துல சொல்லிக் குடுக்கற ஆளும் இருந்தாரு, தலையில ஹெல்மெட் இல்ல. விழுந்தாங்க, எழுந்தாங்க, நல்லாதான் பேசினாங்க, ஆம்புலன்ஸ்கூட வேணாம்னுட்டாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு தலைவலி. ரெண்டு நாள்ல போய்ட்டாங்க, மண்டை ஓட்டுக்கும் மூளையைச் சுத்தி இருக்கற உறைக்கும் நடுவுல ரத்தம் கட்டி மூளையை நெரிச்சிருக்கு. ஹெல்மெட் இருந்திருந்தா பிழைச்சிருப்பாங்கன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன், ஆனா ஹெல்மெட் செஞ்சதே இந்த மாதிரி சாதா விழுகைக்குத்தான். அதனால உங்க வீட்ல யார் தலையில அடிபட்டாலும், ஹெல்மெட் போட்டிருந்தாலும் சரி, அன்னிக்கு ஸ்கீயைக் கழட்டி வெச்சிடுங்க, தனியா விடாதீங்க, தலைவலி கூடுது, வாந்தி, தூக்கக் கலக்கம், பேச்சு குழறுதுன்னா ஒரு நிமிஷம்கூட தாமதிக்காம ஆஸ்பத்திரி.

சாதா விழுகைக்குன்னு ஏன் சொல்றேன்னா, ஐரோப்பாவோட இஎன் 1077ங்கற தரத்துக்கு ஹெல்மெட்டை டெஸ்ட் பண்றப்போ ஒன்றரை மீட்டர் உயரத்துல இருந்து கீழ போடுவாங்க, தரையில படறப்போ வேகம் கிட்டத்தட்ட மணிக்கு 20 கிலோமீட்டர். ஒன்றரை மீட்டர்னா நாம நிக்கறப்போ தலை இருக்கற உயரம், அதாவது நின்ன இடத்துல சாய்ஞ்சு விழற அடி. கொஞ்சம் பழகுனவங்களே 40 கிலோமீட்டர்ல சர்வசாதாரணமா போறாங்க, வேகம் ரெண்டு மடங்கானா அடியோட சக்தி நாலு மடங்கு, அந்த வேகத்துல நேரா மரத்துல போய் மோதுனா தெர்மாகோல் என்ன பண்ணும் பாவம்.

ஆனா மொத்தமா பார்த்தா பலன் இருக்கு. கனடாவுல கியூபெக்ல 2005-ல வந்த ஆய்வுல ஹெல்மெட் போட்டவங்களுக்குத் தலைக்காயம் 29 சதவீதம் கம்மி, 2006-ல நார்வே ஆய்வுல 60 சதவீதம் கம்மி. நம்பர்ல இவ்ளோ வித்தியாசம் இருந்தாலும் ரெண்டும் ஒரே பக்கம்தான் கை காட்டுது. இத்தாலியில 2025 நவம்பர் 1-ல இருந்து எல்லா வயசுக்கும் கட்டாயம்னே ஆக்கிட்டாங்க, அங்க போறதா இருந்தா உங்க வீட்ல இந்த சண்டையே வந்திருக்காது.

அப்புறம் பசங்க ஹெல்மெட். வளர்ற பிள்ளைங்க, ரெண்டு வருஷத்துக்கு வரட்டும்னு ஒரு சைஸ் பெருசா வாங்கியிருக்கீங்களா? அப்படின்னா மாத்திடுங்க. புருவத்துக்கு ஒரு விரல் மேல டேப்பைச் சுத்தி அளந்து அந்த அளவுக்கே வாங்குங்க, வார் போடாம தலையை ஆட்டச் சொல்லுங்க, ஹெல்மெட் தனியா ஆடுச்சுன்னா அது வெறும் தொப்பிதான். குளிருதேன்னு உள்ள தடியா கம்பளிக் குல்லா மாட்டி விடாதீங்க, இறுக்கமே போயிடும்.

கேள்வி: நான் ஸ்னோபோர்டு கத்துக்கப் போறேன் அண்ணா. என்கிட்ட பைக் ஹெல்மெட் இருக்கு, தம்பியோட சைக்கிள் ஹெல்மெட்டும் இருக்கு. இதுலயே ஏதாவது ஒண்ணை வெச்சு சமாளிக்கலாமா?

பதில்: பைக் ஹெல்மெட் வேணாம் தம்பி. ஒண்ணரை கிலோ சுமையைக் கழுத்துல வெச்சுக்கிட்டு ஒரு நாள்ல முப்பது தடவை விழுந்து எழுந்துரிச்சுப் பாரு, அப்புறம் சொல்லு. பின்னாடி வர்றவன் கத்தறதும் சரியா கேக்காது. ஸ்கீ ஹெல்மெட் பாதி கிலோ, முன்னப்பின்ன இருக்கும். சைக்கிள் ஹெல்மெட்ல பெரிய பெரிய ஓட்டையா இருக்கும், குளிருக்கும் ஆகாது, ஸ்கீ ஹெல்மெட்டை இஎன் 1077 டெஸ்ட்ல கூரான முனையைப் போட்டுப் பொத்துக்குதான்னும் பார்க்கறாங்க, மரக்கிளை, ஸ்கீ நுனியெல்லாம் இருக்கற இடமாச்சே.

அதுவும் நீ ஸ்னோபோர்டு, உனக்குத்தான் இது ரொம்ப முக்கியம். ரெண்டு காலும் ஒரே பலகையில கட்டியிருக்கும், கால் மாத்தி வெச்சு சமாளிக்க வழியே இல்ல, பலகையோட சரிவுப் பக்க விளிம்பு பனியில லேசா கடிச்சா போதும், கண் இமைக்கறதுக்குள்ள கவுத்துடும். பின்பக்கமா கவுத்தா கை ஊனக்கூட நேரம் இருக்காது, நேரா பின்மண்டைதான். புதுசா கத்துக்கறவங்க இப்படித்தான் அதிகம் அடிபடறாங்க.

கேள்வி: ஹெல்மெட் போட்டா கழுத்துல அடி ஜாஸ்தி படும், தைரியம் வந்து வேகமாவும் போவாங்கன்னு ஒரு நண்பர் சொல்றாரே?

பதில்: கழுத்து விஷயத்தை ஆய்வு பண்றவங்க தேடிப் பார்த்துட்டாங்க, அடி கூடுனதா தெரியல. தைரியம் வர்றது ஆளைப் பொறுத்தது. உங்க நண்பருக்கு வரும்போல இருக்கு, அவர் பின்னாடி போகாதீங்க.

கேள்வி: வாடகை ஹெல்மெட்டை நம்பலாமா?

பதில்: பார்த்து எடுத்தா நம்பலாம். அந்தத் தெர்மாகோல் ஒரு தடவை நசுங்கித்தான் அடியை வாங்கிக்கும், நசுங்குனது நசுங்குனதுதான், திரும்ப உப்பாது. வெளி ஓடு பளபளன்னு இருக்கேன்னு ஏமாறாம, கவுன்டர்லயே நின்னு உள் பேடை விலக்கி ஒரு சுத்து விரலால தடவிப் பாருங்க, பள்ளமோ கோடோ தட்டுப்பட்டா வேற கேளுங்க, உள்ள ஸ்டிக்கர்ல இஎன் 1077-ஓ அமெரிக்காவோட ஏஎஸ்டிஎம் எஃப் 2040-ஓ இருக்கான்னு பாருங்க. காகிள்ஸையும் கையோட கொண்டு போய் சேர்த்து மாட்டிப் பார்த்துடுங்க, ரெண்டுக்கும் நடுவுல நெத்தி ஒரு விரல் அளவு வெளிய தெரிஞ்சா மதியத்துக்குள்ள அங்க ஊசி குத்தற மாதிரி குளிர் ஏறும், அப்புறம் ஹெல்மெட்டே வேணாம்னு கழட்டிடுவீங்க.