வீல்சேர்த் தம்பியைக் கேளுங்கள்

ராணுவத்தின் பொறியியல் படையான மெட்ராஸ் சாப்பர்ஸ்காரர்களை மற்ற பட்டாளத்தார் ‘தம்பி’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஐம்பத்து மூன்று வயதாகியும் நான் தம்பிதான். பணியில் இருந்தபோது வண்டி கவிழ்ந்து, முதுகுத்தண்டு டி10 அளவில், அதாவது மார்புப் பகுதியின் பத்தாவது எலும்பில், நொறுங்கியது. தொப்புளுக்குக் கீழே உணர்ச்சி இல்லை. பத்தொன்பது வருடமாக வீல்சேர். பெங்களூரில் இருக்கும் நம் முன்னாள் படைவீரர் குடும்பங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, பட்டுத் தெரிந்துகொண்டதை வைத்துப் பதில் சொல்கிறேன். நான் டாக்டர் இல்லை, அதையும் ஞாபகத்தில் வையுங்கள்.

ஜாலஹள்ளியிலிருந்து ஒரு சகோதரி: என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து எட்டு மாதம் ஆகிறது. கோயிலுக்குக் கூப்பிட்டால்கூட வர மாட்டேன் என்கிறார். மனசு விட்டுப்போய்விட்டதா அண்ணா?

மனசும் இருக்கலாம் அம்மா. ஆனால் முதலில் மூத்திரத்தைப் பற்றிக் கேளுங்கள். நாலு பேர் நடுவில் பேன்ட் நனைந்துவிடுமோ என்ற பயம்தான் எங்களில் பாதிப் பேரை வீட்டுக்குள் அடைத்து வைக்கிறது. அதை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டோம். ‘தலைவலி, நீ போய்ட்டு வா’ என்போம்.

நிரந்தரமாக ட்யூப் போட்டுப் பை தொங்கவிட்டிருந்தால், நாலு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை தானே ட்யூப் விட்டு மூத்திரத்தை வெளியே எடுக்கும் முறைக்கு மாறலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். 1972-ல் அமெரிக்க டாக்டர் லாபிடஸ் இதற்கு ஆபரேஷன் தியேட்டர் சுத்தம் தேவையில்லை, சோப்புப் போட்டுக் கழுவிய கையே போதும் என்று காட்டினார். ஒரு தடவைக்கு 500 மில்லிக்கு மேல் வராதபடி தண்ணீர் குடிப்பதைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒரு வாரம் நோட்டில் எழுதிப் பார்த்தால் உடம்பின் கணக்குப் பிடிபட்டுவிடும். மலம் கழிப்பதற்கும் தினம் ஒரே நேரம். இந்த இரண்டும் ஒழுங்கானால் கோயில் என்ன, கொடைக்கானலுக்கே வருவார்.

அல்சூர் வாசகர்: அப்பாவுக்குப் பின்பக்கம் சிவந்திருக்கிறது. வலி இல்லை என்கிறார். விட்டுவிடலாமா?

வலி எப்படித் தெரியும் தம்பி? உணர்ச்சியே இல்லையே. ஒரு முறை சூடான டிபன் கேரியரை மடியில் வைத்துக்கொண்டு மர்பி டவுன் வரை வந்தேன். வீட்டில் பேன்டைக் கழற்றினால் தொடையில் உள்ளங்கை அளவு கொப்புளம். மூன்று வாரம் படுக்கை.

சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்துத் திரும்பச் சிவக்காமல் அப்படியே சிவப்பாக இருந்தால் உள்ளே புண் தொடங்கிவிட்டது என்று வையுங்கள். சிவப்பு முழுவதும் மறையும் வரை அந்தப் பக்கம் உட்காரவே கூடாது. இன்றே டாக்டரிடம் காட்டுங்கள். தேய்க்கவோ எண்ணெய் போட்டு நீவவோ வேண்டாம். நம் வீட்டுப் பெரியவர்கள் முதலில் செய்வது அதுதான்.

படுக்கையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்ப வேண்டும். வீல்சேரில் இருபது நிமிடத்துக்கு ஒரு முறை, நெஞ்சு முழங்காலில் படுகிற மாதிரிக் குனிந்து ஒன்றிரண்டு நிமிடம் இருக்க வேண்டும். என் போனில் அலாரம் அடித்துக்கொண்டே இருக்கும், பேரன்கூடக் கிண்டல் செய்வான். ராத்திரி கைக்கண்ணாடி வைத்துப் பின்பக்கம் பார்ப்பது பல் விளக்குவது மாதிரிதான்.

விவேக் நகரிலிருந்து: அண்ணனுக்குக் கழுத்தில் அடி. திடீர் திடீரென்று மண்டை பிளக்கும் தலைவலி, முகமெல்லாம் வியர்வை. வெயில் ஒத்துக்கொள்ளவில்லை போல.

வெயில் என்று விடாதீர்கள், இது அவசரம். முதுகுத்தண்டில் மார்புப் பகுதியின் ஆறாவது எலும்பு, அதாவது டி6 அளவிலோ அதற்கு மேலோ அடிபட்டவர்களுக்கு வருவது. பெயர் ஆட்டோனாமிக் டிஸ்ரெஃப்ளெக்ஸியா. கீழே ஏதோ ஒன்று உறுத்தும், பெரும்பாலும் நிறைந்த மூத்திரப்பை. அந்தச் செய்தி மூளைக்குப் போகாமல் ரத்த அழுத்தம் மட்டும் ஏறும். உடனே நிமிர்த்தி உட்காரவையுங்கள், பெல்ட்டைத் தளர்த்துங்கள், ட்யூப் மடங்கியிருக்கிறதா பாருங்கள். அடங்கவில்லை என்றால் ஆஸ்பத்திரி.

இவர்களுக்குச் சாதாரணமாகவே அழுத்தம் குறைவாக இருக்கும். 140 என்பது மற்றவர்களுக்குப் பெரிதில்லை, இவருக்கு ஆபத்து. கேஷுவாலிட்டியில் இருக்கும் இளம் டாக்டருக்கு இது தெரியாமலும் போகலாம். அதனால் அந்தப் பெயரை ஒரு அட்டையில் எழுதி அவர் பர்ஸில் வையுங்கள்.

ஃப்ரேசர் டவுன், ஓய்வுபெற்ற நாயக்: எங்கள் பில்டிங்கில் ரேம்ப் போட்டுக் கொடுத்தார்கள். மூன்று பேர் தள்ளினால்தான் ஏறுகிறது.

அது ரேம்ப் இல்லை நாயக் சாப், சறுக்குமரம். ஓரங்குல உயரத்துக்கு ஒரு அடி நீளம் வேண்டும். ஆறங்குலப் படிக்கு ஆறடி. நான் இருக்கும் இடத்திலும் முதலில் இரண்டடியில் முடித்துவிட்டு ரிப்பன் வெட்டினார்கள். அளவு டேப்பை நீங்களே கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கம்மனஹள்ளியிலிருந்து ஒரு மகன்: அப்பாவுக்கு எந்த வீல்சேர் வாங்கலாம்?

மடக்குகிற ஆஸ்பத்திரி வீல்சேர் நோயாளியை யாரோ தள்ளிக்கொண்டு போவதற்குச் செய்தது. தானே ஓட்டுகிறவனுக்கு அது இரவல் செருப்பு. இடுப்பளவு எடுத்து, உடம்புக்கு ஏற்றபடி செய்ததாக இருக்க வேண்டும். ஐஐடி மெட்ராஸிலிருந்து வந்த நியோமோஷன் கம்பெனி நியோஃபிளை என்று அப்படித்தான் செய்கிறது. நியோபோல்ட் என்ற மோட்டார் பகுதியை முன்னால் மாட்டினால் ரோட்டில் 25 கிலோமீட்டர் வேகம் வரை போகலாம். பணம் பத்தாவிட்டால் மோட்டாரைத் தள்ளிப்போடுங்கள், நல்ல குஷனைத் தள்ளிப்போடாதீர்கள்.

பெயர் வேண்டாம் என்றவர்: கல்யாணமாகி ஒரு வருடத்தில் அடிபட்டது. குழந்தை?

வாய்ப்பு இருக்கிறது. தாம்பத்தியம் பழையபடி இல்லாவிட்டாலும் விந்தணுவை எடுக்க மருத்துவ வழிகள் உண்டு. கணவன் மனைவி இருவரும் சேர்ந்து யூராலஜி டாக்டரைப் பாருங்கள். வெட்கப்பட்டு வருடங்களை விட்டுவிடாதீர்கள்.

ஜீவனஹள்ளியிலிருந்து ஒரு சுபேதார்: பென்ஷன் தவிர வேறென்ன கிடைக்கும்?

நூறு சதவீத ஊனம் என்று மெடிக்கல் போர்டு எழுதியிருந்தால் கான்ஸ்டன்ட் அட்டெண்டன்ஸ் அலவன்ஸ், அதாவது கவனித்துக்கொள்ள ஆள் வைப்பதற்கான படித்தொகை, உண்டா என்று பாருங்கள். போர்டு பரிந்துரை அதில் இருக்க வேண்டும். மருந்துக்கு ஈசிஎச்எஸ், அதாவது முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம். முன்னாள் படைவீரர் நல அலுவலகமான சைனிக் போர்டில் என்னென்ன உதவி என்று நேரில் போய்க் கேளுங்கள். எங்கேயும் ஒரிஜினல் தாளைக் கொடுத்துவிட்டு வராதீர்கள் சாப்! நான் ஒரு அலுவலகத்தில் கொடுத்துவிட்டு ஒன்றரை வருடம் அலைந்தேன்.

காக்ஸ் டவுன் மாணவி: விளையாட்டெல்லாம் மனத் தைரியத்துக்காகத்தானே அங்கிள்?

இல்லை கண்ணு, தோளுக்காக. தோள்தான் இப்போது எங்கள் கால். இரண்டாம் உலகப் போரில் முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்காக 1944-ல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரியில் டாக்டர் குட்மன் ஒரு பிரிவு தொடங்கினார். விளையாட்டை அங்கே வைத்தியமாகவே வைத்தார். 1948-ல் பதினாறு பேரோடு நடத்திய வில்வித்தைப் போட்டிதான் பின்னால் பாராலிம்பிக் ஆனது.

நம் ராணுவத்தின் முரளிகாந்த் பேட்கருக்கு 1965 போரில் முதுகுத்தண்டில் குண்டு. 1972-ல் ஹைடல்பர்க்கில் 50 மீட்டர் நீச்சலில் தங்கம், இந்தியாவின் முதல் பாராலிம்பிக் தங்கம். நம்மூர்க் கதையும் ஒன்று உண்டு. 1975-ல் கடற்படை அதிகாரித் தேர்வுக்காக இதே பெங்களூருக்கு வந்த எஸ்.ராமகிருஷ்ணனுக்குக் கழுத்தில் அடிபட்டது. கழுத்துக்குக் கீழே செயலிழந்த அவர்தான் தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார்.

மறுபடியும் ஜாலஹள்ளி சகோதரி: எல்லாம் சரி அண்ணா, முதல் நாள் எங்கே கூட்டிப்போவது?

ஞாயிற்றுக்கிழமை காலை கப்பன் பார்க். அன்றைக்கு உள்ளே வண்டிகளை விட மாட்டார்கள், ரோடு நமக்கு. மெட்ரோவில் லிஃப்ட் இருக்கிறது. ஒரு மணி நேரம் போதும், கிளம்பும் முன் ட்யூப் விட்டு எடுத்துவிடச் சொல்லுங்கள். அவர் கேட்காமல் பின்னாலிருந்து தள்ளாதீர்கள், பக்கத்தில் நடந்து வாருங்கள். அப்புறம் ஒரு மாற்று பேன்ட், பைக்கு அடியில், அவர் கண்ணில் படாமல்.