பாட்டியை அப்படியே பின்பற்றும் பிள்ளை குறித்து

வணக்கம் சகோதரி. மயிலாப்பூர் வீட்டில் உங்கள் மாமியார் விளக்கேற்றும் முன் தீப்பெட்டியை இருமுறை தட்டுவதைக்கூட நான்கு வயது மகன் அப்படியே செய்கிறான், சொந்தமாக யோசிக்கும் திறன் குறைவோ என்று அஞ்சியிருக்கிறீர்கள். அந்த அச்சத்துக்கு இடமே இல்லை.

2005இல் விக்டோரியா ஹார்னரும் ஆண்ட்ரூ வைட்டனும் வெளியிட்ட ஆய்வில், பரிசு வைத்த பெட்டியைத் தேவையற்ற செயல்களையும் சேர்த்துத் திறந்து காட்டினார்கள். உட்புறம் தெரியும் பெட்டியைக் கொடுத்தபோது சிம்பன்சிகள் வீண் செயல்களைப் பெரும்பாலும் விட்டுவிட்டன, மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளோ அவற்றையும் செய்தார்கள்.

இதை மந்தம் என்று சொல்வது பெரும் பிழை. கசப்பு மரவள்ளியைத் துருவி, கழுவி, சாறு பிரித்து, ஊறவைத்துச் சமைக்கும் அமேசான் பழங்குடியினரை எண்ணிப் பாருங்கள்: ஒரு படியைத் தவிர்த்தாலும் கசப்பு போய்விடலாம், உடனே நோயும் தெரியாது, ஆனால் மிஞ்சும் சயனைடு நச்சு நாளடைவில் நரம்புகளைக் கெடுக்கும். காரணம் அறியாமலே முன்னோர் முறையைக் கைவிடாதவர்களுக்குத்தான் அங்கே பாதுகாப்பு. வழிபாட்டு முறைகளும் இதே திறனால் தலைமுறை தாண்டுகின்றன. சேர்ந்து செய்பவர்கள் ஒருவரையொருவர் நம்பவும் அவை துணைபுரிகின்றன, என் பார்வையில் அதுவே பெரிய பயன்.

யோசிக்கும் திறனை அறிய வேண்டுமானால், யாரும் செய்துகாட்டாத புதிர்ப் பொம்மை ஒன்றை அவனிடம் கொடுத்துவிட்டு, குறுக்கிடாமல் கவனியுங்கள்.