எழுத்தில் வாங்கினீர்களா? அமெரிக்க அரசு ஒப்பந்தங்கள் பற்றிய கேள்வி-பதில்

எங்கள் நிறுவனத்துக்குக் கூட்டாட்சி அரசின் ஒப்பந்தம் ஒன்று வேண்டும். எப்படித் தொடங்குவது? (டாலஸ்)

என்ன விற்கிறீர்கள் என்பதை உங்கள் கடிதம் சொல்லவில்லை. அது தெரியாமல் எவராலும் வழிகாட்ட முடியாது. உங்கள் தொழில் எந்த வகை என்பதைக் காட்டும் நெய்க்ஸ் குறியீட்டை முதலில் கண்டறியுங்கள். அந்தக் குறியீட்டில் எந்தத் துறை, யாரிடமிருந்து, எவ்வளவுக்கு வாங்கியிருக்கிறது என்பதை அரசின் செலவுக் கணக்குத் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். வாங்காத துறையின் கதவைத் தட்டுவதில் பயனில்லை. 2025 அக்டோபர் முதல் ஏறத்தாழ 15,000 டாலருக்கு மேல் 3,50,000 டாலர் வரையிலான கொள்முதல்கள், தகுதியுள்ள இரண்டு சிறு நிறுவனங்களாவது நியாயமான விலையில் முன்வரும் என்று எதிர்பார்க்க முடிந்தால், பொதுவாகச் சிறு நிறுவனங்களுக்கே ஒதுக்கப்பட வேண்டும். அந்த அளவிலிருந்து தொடங்குங்கள். டெண்டர் வருவதற்கு முன்பு துறைகள் வெளியிடும் சந்தை விசாரணை அறிவிப்புகளுக்குப் பதில் அனுப்புவதையும் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். அந்த இரண்டு நிறுவனங்களில் ஒன்றாக அதிகாரியின் கண்ணில் படுவது அப்படித்தான்.

அரசு ஒப்பந்தம் பெற விரும்பும் நிறுவனங்கள் பதிவு செய்யும் சாம் தளத்தில் எங்களைப் பதிவு செய்து தர ஓர் இடைநிலை நிறுவனம் 600 டாலர் கேட்கிறது. கொடுக்கலாமா? (எடிசன்)

கொடுக்க வேண்டாம். பதிவு, நிறுவனத்தின் அடையாளமான யூஇஐ எண், ஆண்டுப் புதுப்பிப்பு ஆகிய மூன்றும் இலவசம். "உங்கள் பதிவு காலாவதியாகிறது, உடனே பணம் செலுத்துங்கள்" என்று வரும் மின்னஞ்சல் அரசிடமிருந்து வந்ததாக இருக்க முடியாது. உதவி தேவையென்றால் உங்கள் மாநிலத்தின் ஏபெக்ஸ் ஆக்சிலரேட்டர் மையத்தை அணுகுங்கள். அவர்களுக்கு அரசே நிதி தருகிறது.

என் மனைவியின் பெயருக்கு 51 விழுக்காடு பங்கை மாற்றிவிட்டால் பெண்களுக்கான ஒதுக்கீடு கிடைக்குமா? தொழிலை நான்தான் கவனித்துக்கொள்கிறேன். (அட்லாண்டா)

கிடைக்காது. தொழிலைக் கவனிப்பது நீங்கள் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். பங்கு மட்டும் போதாது. உயர் பொறுப்பு, அன்றாட நிர்வாகம், நீண்டகால முடிவுகள் ஆகியவையும் அமெரிக்கக் குடியுரிமை பெற்ற பெண்ணின் கையில் இருக்க வேண்டும். நிறுவனம் தானே அறிவித்துக்கொண்டால் போதும் என்ற ஏற்பாடு 2020-இல் முடிந்துவிட்டது. இப்போது முறையான சான்றிதழ் கட்டாயம். பொய்ச் சான்றளித்து ஒப்பந்தம் பெற்றால் மும்மடங்கு இழப்பீடும் அரசு ஒப்பந்தங்களிலிருந்து விலக்கமும் காத்திருக்கின்றன. இந்தக் கேள்வி வாராவாரம் வருகிறது, பதில் மாறப்போவதில்லை.

ஒரு துறைக்குக் கணினி உதவிச் சேவை வழங்குகிறோம். எங்கள் பணியை மேற்பார்வையிடும் தொழில்நுட்பப் பிரதிநிதி, வார இறுதியிலும் ஆள் வேண்டும் என்று தொலைபேசியில் கேட்டார். மூன்று மாதங்கள் செய்தோம். ஏறத்தாழ 40,000 டாலருக்கான கட்டணப் பட்டியல் இப்போது நிராகரிக்கப்பட்டுள்ளது. அவரும் அரசு அதிகாரிதானே? (வர்ஜீனியா)

அவர் அரசு ஊழியர். ஆனால் உங்கள் ஒப்பந்தத்தை மாற்றும் அதிகாரம் அவருக்கு இல்லை. அந்த அதிகாரம் ஒப்பந்த அதிகாரிக்கு மட்டுமே உண்டு. விலை, அளவு, கால எல்லை ஆகியவற்றை மாற்றப் பிரதிநிதிக்கு உரிமையில்லை என்று அவருடைய நியமனக் கடிதமே சொல்லும். அந்தக் கடிதத்தின் நகல் பெரும்பாலும் நிறுவனத்துக்கும் வரும். வந்த நாளில் அதைப் படிப்பவர்களை நான் அபூர்வமாகவே பார்த்திருக்கிறேன்.

இதில் நீதிமன்றங்களின் நிலை பழையது, கடுமையானது. 1945-இல் ஐடஹோ மாநில விவசாயிகள் சிலர், தங்கள் கோதுமைப் பயிர் முழுவதற்கும் அரசின் பயிர்க் காப்பீடு உண்டு என்று உள்ளூர்ப் பொறுப்பாளர்கள் சொன்னதை நம்பினார்கள். அதில் ஏறக்குறைய 400 ஏக்கர், குளிர்காலக் கோதுமை இருந்த நிலத்தில் மறுபடி விதைத்தது. விதிப்படி அதற்குக் காப்பீடு கிடையாது. வறட்சியில் பயிர் போயிற்று. 1947-இல் உச்ச நீதிமன்றம், அரசோடு கொடுக்கல் வாங்கல் செய்பவர் தம்மிடம் பேசுபவருக்கு உண்மையில் அதிகாரம் இருக்கிறதா என்று தாமே உறுதி செய்துகொள்ள வேண்டும் என்று கூறி அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஐந்துக்கு நான்கு என்ற பிளவுத் தீர்ப்புத்தான். ஆனாலும் இன்றுவரை ஒப்பந்ததாரர்களுக்கு எதிராக அது எடுத்துக்காட்டப்படுகிறது.

நம்மவர்களிடம் இதற்கு மேலும் ஒரு தடை இருக்கிறது. அதிகாரி வாயால் சொன்ன பிறகு எழுதிக் கேட்டால் தவறாக நினைத்துக்கொள்வாரோ, உறவு கெடுமோ என்ற தயக்கம் அது. அந்தத் தயக்கத்தால் சம்பளம் கொடுக்க முடியாமல் ஆட்களை வீட்டுக்கு அனுப்பிய நிறுவனங்களை நான் அறிவேன். நல்ல ஒப்பந்த அதிகாரி எழுத்துக் கேட்பவரை மதிப்பார். எழுத்தில்லாமல் வேலை செய்தவரைக் காப்பாற்ற அவராலேயே முடியாமல் போகும். "நீங்கள் கேட்ட பணி ஒப்பந்தத்தில் இல்லை என்று கருதுகிறோம், ஒப்பந்த அதிகாரியின் எழுத்துபூர்வமான ஒப்புதல் கிடைத்ததும் தொடங்குகிறோம்" என்று பிரதிநிதிக்கு எழுதி, ஒப்பந்த அதிகாரிக்கும் நகல் வைத்து, அன்றைக்கே அனுப்பியிருந்தால் போதும்.

இனி செய்ய வேண்டியது: வார இறுதிப் பணியை இன்றே நிறுத்துங்கள். தேதி, ஆள், மணி நேரம், தொலைபேசி உரையாடலைத் தொடர்ந்த மின்னஞ்சல்கள் அனைத்தையும் திரட்டி ஒப்பந்த அதிகாரிக்கு அனுப்பி, அங்கீகாரமில்லாமல் ஏற்பட்ட இந்தப் பொறுப்பைத் துறை பின்னேற்பு செய்ய வேண்டும், அதாவது நடந்ததைப் பின்னர் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று கேளுங்கள். துறை ஏற்கலாம், மறுக்கலாம். அது அவர்கள் விருப்பம். ஒப்பந்த அதிகாரிக்கு இது முன்பே தெரிந்திருந்தது என்று காட்ட ஒரு மின்னஞ்சல் இருந்தாலும் உங்கள் நிலை வலுப்படும். மறுத்தால், 1978-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தகராறுச் சட்டத்தின்கீழ் முறையான கோரிக்கை வைக்க ஆறு ஆண்டு அவகாசம் உண்டு. அதற்கு முன் வழக்கறிஞரைப் பாருங்கள்.

எங்கள் முன்மொழிவு நான்கு நிமிடம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. மன்னிப்பார்களா? (சிகாகோ)

மாட்டார்கள். மிகக் குறுகிய விதிவிலக்குகளைத் தவிர, ஒரு நிமிடத் தாமதமும் தாமதமே. நீங்கள் அனுப்பிய நேரம் கணக்கில்லை, அவர்களிடம் சேர்ந்த நேரமே கணக்கு. முதல்நாளே அனுப்புங்கள், பெற்றுக்கொண்டதை எழுத்தில் உறுதிப்படுத்தக் கேளுங்கள்.

இந்திய வம்சாவளியினர் என்பதால், பின்தங்கியவர்களின் சிறு நிறுவனங்களுக்கான 8-ஏ திட்டத்தில் எங்களுக்கு இடம் உண்டு என்கிறார்களே? (சான் ஹோசே)

பழைய தகவல். முன்பு இந்தியத் துணைக்கண்ட வம்சாவளிக் குடிமக்கள் சமூக ரீதியில் பின்தங்கியவர்கள் என்று முன்னனுமானம் செய்யப்பட்டது. 2023 ஜூலையில் டென்னசியின் கூட்டாட்சி நீதிமன்றம் அதைத் தடுத்த பிறகு, உங்களுக்கு நேர்ந்த பாகுபாட்டை நிகழ்ச்சி வாரியாக எழுதி நிறுவ வேண்டியதாயிற்று. "பொதுவாகவே நாங்கள் ஒதுக்கப்பட்டோம்" என்று ஒரு பத்தி எழுதுவது வீண். நிகரச் சொத்து 8,50,000 டாலருக்குள் இருக்க வேண்டும். குடியிருக்கும் வீடும் இதே நிறுவனத்தின் பங்கும் அதில் சேரா. திட்டக் காலம் ஒன்பது ஆண்டுகள், வாழ்நாளில் ஒரே முறை. வேலை செய்து காட்டும் திறன் வளர்வதற்கு முன்பே அந்த ஆண்டுகளைச் செலவழித்துவிடாதீர்கள்.

சிறு நிறுவன ஒதுக்கீட்டில் ஒப்பந்தம் வென்று, வேலை முழுவதையும் பெரிய நிறுவனத்திடம் ஒப்படைக்கலாமா? (டென்வர்)

கூடாது. சேவை ஒப்பந்தத்தில் அரசு தரும் தொகையில் பாதிக்கு மேல், உங்களுக்கு உள்ள அதே ஒதுக்கீட்டுத் தகுதி இல்லாத துணை ஒப்பந்ததாரர்களுக்குப் போகக் கூடாது. பொதுக் கட்டுமானத்தில் அந்த வரம்பு 85 விழுக்காடு.

துணை ஒப்பந்ததாரரான எங்களுக்கு முதன்மை நிறுவனம் பணம் தர இழுத்தடிக்கிறது. அரசிடம் கேட்கலாமா? (பால்டிமோர்)

அரசுக்கும் உங்களுக்கும் ஒப்பந்தம் இல்லை. சரியான கட்டணப் பட்டியல் கிடைத்த 30 நாளில் பணம் தராவிட்டால் வட்டி சேர்க்க வேண்டும் என்ற சட்டம், அரசு முதன்மை நிறுவனத்துக்குத் தருவதைப் பற்றியது. உங்களுக்கு எத்தனை நாளில் பணம் என்பது அவர்களோடு நீங்கள் செய்த உடன்படிக்கையில் எழுதியிருக்கிறதா? அதைத்தான் முதலில் பாருங்கள்.

எங்கள் பணியைப் பற்றிய மதிப்பீட்டில் தவறான குறிப்பு வந்துள்ளது. நிதானமாகப் பதிலளிக்கலாமா? (சான் டியேகோ)

நிதானமாக எழுதுங்கள், ஆனால் 14 நாளுக்குள் அனுப்புங்கள். கருத்துச் சேர்க்க 60 நாள் உண்டு என்றாலும், 14 நாள் கடந்ததும் உங்கள் தரப்பு இல்லாமலே அந்த மதிப்பீடு மற்ற துறை அதிகாரிகளின் பார்வைக்குப் போய்விடும். கோபத்தை விட்டுவிட்டு, தேதியும் ஆவணமும் காட்டி, எந்த வாக்கியம் ஏன் தவறு என்பதை மட்டும் எழுதுங்கள்.