கேள்வி – பதில்: உயரமே குறை என்று சொல்லப்பட்ட ஸ்லோவாக்கியர்

ஸ்லோவாக்கியாவின் ஐஸ் ஹாக்கி வீரர் ஸ்டெனோ சாரா 2025 நவம்பரில் டொரண்டோவிலுள்ள ஹாக்கி புகழ்மண்டபத்தில் சேர்க்கப்பட்டதை இப்பகுதியில் இரண்டு வரிகளில் குறிப்பிட்டிருந்தோம். அதையொட்டி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் அளிக்கிறோம்.

கேள்வி: சாராவின் உயரம் 206 சென்டிமீட்டர் என்று எழுதியிருந்தீர்கள். உடலோடு உடல் மோதும் ஆட்டத்தில் அது வரம் அல்லவா? இளவயதில் அவரை ஒதுக்கினார்கள் என்பதை நம்ப முடியவில்லையே?
– திருநெல்வேலி வாசகர்

பதில்: வரம்தான், ஆனால் அந்த வரம் பலிக்க ஏறத்தாழ பத்து ஆண்டுகள் ஆயின. ஐஸ் ஹாக்கியில் பக் எனப்படும் ரப்பர் வட்டு பெரும்பாலும் தரையில்தான் கிடக்கும். முழங்காலை மடக்கி, உடலைத் தாழ்த்தி, நொடியில் திசை மாறிச் சறுக்கத் தெரிந்தவனுக்கே அது வசப்படும். திடீரென்று வளர்ந்துவிட்ட ஒரு பையனின் கால்கள் அவன் சொன்னபடி கேட்பதில்லை. குள்ளமான எதிராளி அவன் கைக்குக் கீழே புகுந்து ஓடிவிடுவான். ஆகவே, 1977இல் ட்ரென்ச்சீன் நகரில் பிறந்த சாராவைக் கூடைப்பந்து ஆடப் போகும்படி பயிற்சியாளர்கள் அறிவுறுத்தியதில் வியப்பில்லை. அவர் ஊரை விட்டுப் பிராக் நகரின் ஸ்பார்ட்டா இளையோர் அணிக்கும், அங்கிருந்து கனடாவின் பிரின்ஸ் ஜார்ஜ் நகர இளையோர் அணிக்கும் சென்றார்.

அவருடைய தந்தை ஸ்டெனெக் சாரா, 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் செக்கோஸ்லோவாக்கியாவுக்காகக் களமிறங்கிய கிரேக்க-ரோமானிய மல்யுத்த வீரர். மகனுக்குக் கடுமையான உடற்பயிற்சி ஒழுங்கை வீட்டிலேயே பழக்கியவர் அவர்தான். பிற்காலத்தில் சாராவின் பலத்தைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் உயரத்தையே பேசினார்கள். அந்த உயரத்தைத் தாங்கி நிறுத்திய இடுப்பும் தொடையும் மல்யுத்தக்காரர் வீட்டில் உருவானவை என்பதே என் எண்ணம். ஸ்கேட் அணிந்து நின்றால் ஏழடியைத் தொடும் அவருக்காக மட்டையின் அளவிலும் ஒரு சலுகை இருந்தது. வட அமெரிக்காவின் தொழில்முறை ஐஸ் ஹாக்கி லீக்கான என்.எச்.எல். விதிப்படி மட்டையின் நீளம் 63 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. மிக உயரமானவர்களுக்கு மட்டும் 65 அங்குலம் வரை விலக்கு உண்டு.

கேள்வி: அவர் பெயரை எப்படி உச்சரிப்பது?
– மதுரை வாசகர்

பதில்: அமெரிக்க வர்ணனையாளர்கள் 'சாரா' என்றே சொல்கிறார்கள், அதுவே உலகெங்கும் பரவியதால் நாமும் பின்பற்றினோம். ஸ்லோவாக் மொழியில் முதல் ஒலி, 'அகம்' என்னும் சொல்லில் நாம் ககரத்தை ஒலிக்கும் முறைக்கு நெருக்கமானது. எனவே 'ஹாரா' என்பது அவர் ஊராருக்குப் புரியும்.

கேள்வி: இவ்வளவு சிறந்த ஆட்டக்காரரை முதல் அணியே கைவிட்டது ஏன்?
– சென்னை வாசகர்

பதில்: நியூயார்க் ஐலண்டர்ஸ் அணி, இளம் வீரர்களை அணிகள் முறைவைத்து எடுத்துக்கொள்ளும் 1996ஆம் ஆண்டுத் தேர்வில் அவரை 56ஆவது இடத்தில் எடுத்தது. 1997 முதல் 2001 வரை அங்கே 231 ஆட்டங்களில் அவர் அடித்தவை ஆறே கோல்கள். தற்காப்பு ஆட்டக்காரரைக் கோல்களால் மட்டும் அளப்பது தவறு. என்றாலும், அந்த எண்ணிக்கையைப் பார்த்த எவரும் எதிர்காலத்தை ஊகித்திருக்க முடியாது. 2001 ஜூனில் அணியின் பொது மேலாளர் மைக் மில்பரி, ஒட்டாவா செனட்டர்ஸ் அணியின் நட்சத்திரம் அலெக்சேய் யாஷினைப் பெறுவதற்காகச் சாராவையும், பில் மக்கால்ட் என்ற ஆட்டக்காரரையும், அந்த ஆண்டுத் தேர்வில் தமக்கிருந்த இரண்டாவது இடத்தையும் சேர்த்துக் கொடுத்தார். அந்த இடத்தில் ஒட்டாவா எடுத்த ஜேசன் ஸ்பெஸ்ஸா பிற்காலத்தில் அந்த அணியின் கேப்டனானார். யாஷினுக்கோ ஐலண்டர்ஸ் அணி பத்தாண்டுகளுக்கு 8.75 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டு, 2007இலேயே மீதத்துக்கு ஈடு கொடுத்து அனுப்பிவைத்தது. ஹாக்கி வரலாற்றின் மிக மோசமான பரிமாற்றங்களைப் பட்டியலிடும் எவரும் இதை விடுவதில்லை.

ஒட்டாவாவில் நான்கு பருவங்களில் சாரா 51 கோல்கள் அடித்தார். ஆள் அதே ஆள்தான். எதிரணி வரிசையில் ஒரு வீரர் குறைந்திருக்கும் நேரங்களில் அவரை முன்னே நிறுத்தி அடிக்கவிட்டார்கள், கூடுதல் நிமிடங்கள் தந்தார்கள். 2006 ஜூலை முதல் நாள் பாஸ்டன் புரூயின்ஸ் அணி ஐந்தாண்டுகளுக்கு 3.75 கோடி டாலர் கொடுத்து அவரை ஒப்பந்தம் செய்து, கேப்டன் பொறுப்பையும் தந்தது. அதுவரை அவர் அணிந்துவந்த 3ஆம் எண் சட்டை, பழைய வீரர் லயனல் ஹிட்ச்மனின் நினைவாகப் பாஸ்டனில் ஒதுக்கப்பட்டிருந்ததால், இன்னொரு மூன்றைச் சேர்த்து 33 என்று ஆக்கிக்கொண்டார்.

கேள்வி: அவர் அடித்த பக் மணிக்கு 175 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தது உண்மையா?
– கோவை வாசகர்

பதில்: உண்மை. 2012இல் ஒட்டாவாவில் நடந்த நட்சத்திர வீரர்களின் திறன் போட்டியில் அவர் அடி மணிக்கு 108.8 மைல், அதாவது 175 கிலோமீட்டரைத் தொட்டது. 2003 உலகக் கோப்பையில் ஷோயப் அக்தர் வீசிய பந்தின் வேகம் 161.3 கிலோமீட்டர். எடையில் பக்கும் கிரிக்கெட் பந்தும் ஏறக்குறைய சமம் என்பதை நினைத்தால், அந்த அடிக்குக் குறுக்கே விழுந்து தடுப்பவர்கள்மீது மரியாதை கூடுகிறது.

கேள்வி: நான் மாண்ட்ரியல் அணியின் ரசிகன். பசியொரெட்டியின் கழுத்தை முறித்தவரை நீங்கள் புகழ்வது சரியா?
– ஸ்கார்பரோ வாசகர், கனடா

பதில்: கேள்வி நியாயமானது. நடந்தது இது: 2011 மார்ச் 8 அன்று மாண்ட்ரியலில், ஆட்ட வீரர்கள் அமரும் இருக்கைகளுக்கு இடையே கண்ணாடித் தடுப்பு தொடங்கும் கம்பத்தில் மாக்ஸ் பசியொரெட்டியின் தலை மோதும்படி சாரா அவரைச் சுவரோரம் தள்ளினார். பசியொரெட்டிக்குக் கழுத்தெலும்பு முறிந்தது, மூளை அதிர்ச்சியும் ஏற்பட்டது. சாரா அந்த ஆட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்டார்; ஆனால் என்.எச்.எல். நிர்வாகம் அதற்குமேல் தடையோ அபராதமோ விதிக்கவில்லை. நகரக் காவல்துறை விசாரித்தது; குற்றம் சாட்டப் போதிய ஆதாரமில்லை என்று கியூபெக் அரசு வழக்குத் துறை அந்த நவம்பரில் முடிவு செய்தது.

வேண்டுமென்றே கம்பத்தைக் குறிவைத்தார் என்று நான் கருதவில்லை. அந்த வேகத்தில் கம்பம் எங்கே வருகிறதென்று கணக்கிடுவது எளிதன்று. ஆயினும் பக் பசியொரெட்டியை விட்டுப் போன பிறகும் சாரா தள்ளினார் என்பதும், அவ்வளவு பெரிய உடலுக்குரியவருக்கு மற்றவர்களைவிடக் கூடுதல் எச்சரிக்கை தேவை என்பதும் மறுக்க முடியாதவை. தண்டனையே இல்லாமல் விட்டது தவறு என்ற உங்கள் ஊராரின் கோபத்தோடு நான் உடன்படுகிறேன்.

கேள்வி: அவருடைய உச்சம் எது என்று நினைக்கிறீர்கள்?
– பெயர் குறிப்பிடாத வாசகர்

பதில்: விருதைக் கேட்டால் 2009: ஆண்டின் சிறந்த தற்காப்பு ஆட்டக்காரருக்கான நோரிஸ் விருதை அந்த ஆண்டு பெற்றார், அதைப் பெற்ற முதல் ஸ்லோவாக்கியர் அவரே. கோப்பையைக் கேட்டால் 2011: இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் வான்கூவர் அணியை அதன் சொந்த மைதானத்திலேயே 4–0 என்று வென்று, பாஸ்டன் 39 ஆண்டுகளுக்குப் பிறகு, என்.எச்.எல். சாம்பியனுக்குரிய ஸ்டான்லி கோப்பையைக் கைப்பற்றியது. ஐரோப்பாவில் பிறந்து அங்கேயே பயின்ற கேப்டன்களில் அதற்கு முன் அக்கோப்பையை உயர்த்தியவர் ஸ்வீடனின் நிக்லாஸ் லிட்ஸ்ட்ரோம் ஒருவர்தான்.

என்னைக் கேட்டால், தோற்ற ஓர் ஆட்டத்தைச் சொல்வேன். 2019 இறுதித் தொடரின் நான்காவது ஆட்டத்தில், எதிராளி அடித்த பக் சாராவின் மட்டையிலேயே பட்டுத் தெறித்து முகத்தில் மோதித் தாடையை உடைத்தது. அப்போது அவருக்கு வயது 42. மூன்று நாள் கழித்து, கம்பியால் கட்டிய தாடையோடு, முகம் முழுவதையும் மறைக்கும் கவசம் அணிந்து அவர் ஐந்தாவது ஆட்டத்துக்கு வந்தபோது பாஸ்டன் அரங்கம் எழுந்து நின்றது. பாஸ்டன் அன்று செயின்ட் லூயிஸிடம் 2–1 என்று தோற்றது. பின்னர் தொடரையும் இழந்தது.

கேள்வி: தன் நாட்டுக்காக என்ன சாதித்தார்?
– தஞ்சாவூர் வாசகர்

பதில்: 2000, 2012 உலகச் சாம்பியன்ஷிப் போட்டிகளில் வெள்ளிப் பதக்கம், மூன்று குளிர்கால ஒலிம்பிக் போட்டிகள், அவற்றில் 2010இல் வான்கூவரில், பின்லாந்திடம் தோற்றதால் நூலிழையில் நழுவிய வெண்கலம். சோச்சியில் 2014இல் கொடி ஏந்தியவரும் அவரே. இவற்றில் 2012 ஹெல்சிங்கிதான் மனத்தில் நிற்கிறது. அதற்கு முந்தைய செப்டம்பரில் யாரோஸ்லாவ்ல் விமான விபத்தில் நண்பரும் சக வீரருமான பாவொல் டெமித்ராவைப் பறிகொடுத்திருந்த சாரா, அணித்தலைவராகப் பதக்கம் வாங்க வந்தபோது டெமித்ராவின் 38ஆம் எண் சட்டையை அணிந்திருந்தார். ஸ்லோவாக்கியாவுக்கு முதல் ஒலிம்பிக் ஹாக்கிப் பதக்கம் 2022இல், சாரா இல்லாத ஓர் இளைஞர் கூட்டத்தால், பெய்ஜிங்கில் கிடைத்தது.

கேள்வி: எத்தனை ஆட்டங்கள் ஆடினார்? இப்போது ஓய்வில்தானா?
– திருச்சி வாசகர்

பதில்: என்.எச்.எல்.லின் வழக்கமான பருவ ஆட்டங்கள் மட்டும் 1,680. அவற்றில் 209 கோல்கள். 2020 முடிவில், ஆட்டத்தில் குறைந்த பங்கு மட்டுமே தர விரும்பிய பாஸ்டனை விட்டு ஒரு பருவம் வாஷிங்டனுக்கும், பிறகு தம்மைத் தொடக்கத்தில் கைவிட்ட அதே ஐலண்டர்ஸ் அணிக்கும் ஆடினார். அங்கேதான் 2022 பிப்ரவரியில், தற்காப்பு ஆட்டக்காரர்களில் கிறிஸ் செலியோஸ் வைத்திருந்த 1,651 ஆட்டங்கள் என்ற சாதனையைக் கடந்தார். அந்தச் செப்டம்பரில் பாஸ்டனுடன் ஒரே ஒரு நாள் ஒப்பந்தம் செய்து, அந்த அணியின் வீரராகவே விடைபெற்றார். ஓய்வு என்று சொல்வதற்கில்லை: ஏழே மாதங்களில் பாஸ்டன் மாரத்தான் ஓட்டத்தை 3 மணி 38 நிமிடங்களில் முடித்தார்.